மெமோவும் நானே, சமாதானமும் நானே

போலீஸ் இலாகாவில் திருடனைப் பிடிக்கிறவர்களைவிடப் போலீஸ்காரனைப் பிடிக்கிறவர்கள் அதிகம். நான் அந்த இரண்டாவது கூட்டத்துக்கு டைப் அடித்துப் பிழைத்தவன்.

காக்கி போட்டவன் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி.யும் டைப்ரைட்டிங் ஹையரும் பாஸ் செய்துவிட்டு, ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே பயந்துகொண்டிருந்த சண்டைக் காலத்தில், மதராஸின் வடகோடியில் ஒரு அசிஸ்டெண்ட் கமிஷனர் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். துறைமுகத்தையும் ரயில் பாதையையும் ஒட்டிய சில ஸ்டேஷன்கள் எங்கள் ஆபீஸுக்குக் கீழே. கான்ஸ்டபிளுக்கு மேலே ஹெட் கான்ஸ்டபிள், அவருக்கு மேலே சப் இன்ஸ்பெக்டர், அப்புறம் இன்ஸ்பெக்டர், எங்கள் அசிஸ்டெண்ட் கமிஷனர், டெபுடி கமிஷனர், கமிஷனர். அதற்கும் மேலே கோட்டையில் சர்க்கார். மேலே இருப்பவர் கீழே இருப்பவரை ‘ஏன்?’ என்று கேட்கும் காகிதத்துக்கு மெமோ என்று பெயர். கீழே இருப்பவர் எழுதும் பதிலுக்குச் சமாதானம் என்று பெயர். இலாகா நடந்ததெல்லாம் இந்த இரண்டு காகிதத்தில்தான்.

மெமோ இங்கிலீஷில் போகும். வாங்குகிறவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆகவே காலையில் நான் டைப் அடித்த மெமோவைச் சாயங்காலம் என்னிடமே கொண்டுவந்து, “இதுல இன்னா எய்திக்கீது சார்?” என்று கேட்பார்கள். படித்துச் சொல்லுவேன். முகம் சுருங்கிப் போகும். பாவமாக இருக்கும், சமாதானத்தையும் நானே எழுதிக் கொடுத்துவிடுவேன். அது இரண்டு நாளில் தபாலில் என் மேஜைக்கே வந்து சேரும். நான் அதற்கு நம்பர் போட்டு உள்ளே வைப்பேன். மேலதிகாரி ஒருவர் ‘ஏன்?’ என்று எழுத்தில் கேட்டு, என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் உங்களில் பல பேர் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இது. மற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

பனியன்

நான் எழுதிய முதல் சமாதானம் காதர் மொய்தீனுக்கு. வண்ணாரப்பேட்டைக்காரர், கான்ஸ்டபிள், அதிர்ந்து பேசாத மனிதர். ஒரு நாள் காலை ராயபுரம் கடற்கரைப் பக்கம் பீட் போனபோது ஒரு பெண்ணின் உடல் கரை ஒதுங்கியிருந்தது. மேலே துணியில்லை. வலைக்காரர்களும், வேலைக்குப் போகிறவர்களும், வேடிக்கை பார்க்கிறவர்களுமாகக் கும்பல். காதர் மொய்தீன் தன் காக்கிச் சட்டையைக் கழற்றி அவள் மேல் போட்டுவிட்டு, ஒரு ஆளை ஸ்டேஷனுக்கு ஓடச் சொல்லிவிட்டு, பனியனோடு காவல் நின்றார். ஸ்டேஷனிலிருந்து பிணத்தை மூடப் பாய் வருவதற்கு முன்னால் ரவுண்ட்ஸ் கிளம்பிய இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். அவர் கண்ணில் முதலில் பட்டது பிணமா பனியனா, எனக்குத் தெரியாது. அவர் எழுதி அனுப்பியது பனியனைப் பற்றித்தான். டியூட்டி நேரத்தில், பொதுமக்கள் முன்னிலையில், உரிய உடுப்பு இல்லாமல் நின்றதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும் என்று நம்பினேன். முழுசாக ஒரு பக்கம், அழகான இங்கிலீஷில், அந்தப் பெண் கிடந்த கோலத்தையும் கும்பலையும் எழுதினேன். படித்துக் காட்டியபோது காதர் மொய்தீன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போதிருந்த அசிஸ்டெண்ட் கமிஷனர் வெள்ளைக்காரர். ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் இரண்டே வரி எழுதினார்: சட்டை சர்க்கார் சொத்து, அதைச் சொந்த இஷ்டத்துக்கு உபயோகிக்கக் கூடாது; தண்டனை, சர்வீஸ் புத்தகத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. அதையும் நான்தான் படித்துச் சொன்னேன். காதர் மொய்தீன் கோபப்படவில்லை. தன் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே சொன்னார்.

“அந்தப் பொம்பளைக்கு மானம் போவக் கூடாதுன்னு நெனச்சேன் சார், என் மானத்த டைப் அடிச்சி ஆபீஸ் ஆபீஸா அனுப்பிட்டாங்க.”

ஒத்துக்கிறியா?

வாரத்துக்கு ஒரு நாள் எங்கள் ஆபீஸில் ஆர்டர்லி ரூம். போலீஸ்காரர்களுக்கான கோர்ட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மெமோ வாங்கியவர்கள் பெல்ட்டையும் தலைப்பாகையையும் கழற்றி வெளியே வைத்துவிட்டு, லெப்ட் ரைட் போட்டு ஒவ்வொருவராக உள்ளே வந்து விறைப்பாக நிற்க வேண்டும். ஹெட் கிளார்க் பஞ்சாபகேசன் குற்றத்தை இங்கிலீஷில் வாசிப்பார். அசிஸ்டெண்ட் கமிஷனர் துரைக்குத் தமிழில் தெரிந்தது ஒரே கேள்வி. “ஒத்துக்கிறியா?” என்பார். “ஒத்துக்கிறேன் தொரே” என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த பதில். ஒரு ஆளுக்கு இரண்டு நிமிஷம் ஆகாது.

ஒரு வாரம் நான் இரண்டு ஃபைல்களின் காகிதத்தை மாற்றிக் குத்திவிட்டேன். இரண்டு கான்ஸ்டபிள்களின் நம்பரிலும் ஒரே ஒரு எண்தான் வித்தியாசம். கொருக்குப்பேட்டை பெருமாள் காலை ஆஜருக்கு லேட்டாக வந்தவர். அவர் தலையில், துறைமுக கேட்டில் காவல் நேரத்தில் தூங்கிய இன்னொருவரின் குற்றம் விழுந்தது. பெருமாள் ஒத்துக்கொண்டார். அந்த இன்னொருவரும் லேட்டாக வந்ததை ஒத்துக்கொண்டார். பெருமாளுக்கு ஏழு நாள் எக்ஸ்ட்ரா டிரில். சாயங்காலம் ஃபைலைக் கட்டும்போதுதான் பார்த்தேன்: அந்தத் தூக்கம் நடந்த தேதியில் பெருமாள் லீவு. பெண்டாட்டிக்குப் பிரசவம், ஆஸ்பத்திரி வாசலில் இருந்திருக்கிறார். பஞ்சாபகேசனிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கையெழுத்து ஆயாச்சு. இப்போ போய்ச் சொன்னா துரை தப்புப் பண்ணிட்டார்னு ஆகும். துரை தப்புப் பண்ணமாட்டார் ஓய்.”

மறுநாள் மைதானத்துக்குப் போனேன். பன்னிரண்டு மணி வெயிலில், நாற்பது வயசுக்கு மேல், துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பெருமாள் ஓடிக்கொண்டிருந்தார். தண்ணீர் குடிக்க விட்டபோது பக்கத்தில் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

“வுடு சார், எப்டியும் இன்னாத்தயோ ஒத்துக்கத்தான் போறோம், அது இதுவா இருந்துட்டுப் போவட்டும்.”

பெயர் சொல்லக் கூடாத பிராணி

சுயராஜ்யம் வந்தது. துரை கப்பலேறினார். மெமோ இருந்த இடத்திலேயே இருந்தது.

பெரிய அதிகாரி ஒருவர் வீட்டில் ரங்கசாமி என்ற கான்ஸ்டபிள் பன்னிரண்டு வருஷமாக இருந்தார். ரிக்கார்டில் ‘விசேஷ டியூட்டி’. விசேஷம் என்னவென்றால் அந்த வீட்டில் ஒரு எருமை. குளிப்பாட்டி, தீனி வைத்து, பால் கறப்பது ரங்கசாமி. ஒரு நாள் அது கயிற்றை அறுத்துக்கொண்டு போய் மாதவரம் பக்கம் யார் தோட்டத்திலோ மேய்ந்து, பட்டியில் அடைபட்டது. அதிகாரிக்கு மகா கோபம். மெமோ கொடுக்க வேண்டும்; ஆனால் எருமை என்று எழுத முடியாது. சர்க்கார் கான்ஸ்டபிள் எருமை மேய்ப்பதாக ரிக்கார்டு ஆகிவிடும். ‘தம் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டதை உரிய கவனத்துடன் காக்கத் தவறினார்’ என்று டைப் அடித்தேன். சமாதானத்திலும் எருமை வரக் கூடாது. ‘ஒப்படைக்கப்பட்டது அன்று வழக்கத்துக்கு மாறாகத் தானே வெளியேறிவிட்டது’ என்று எழுதினேன். டெபுடி கமிஷனர் ஆபீஸிலிருந்து, வெளியேறிய கைதியின் பெயர் என்ன என்று ஒரு கேள்வி வந்தது. அதற்கு ஒரு பதில் போயிற்று. இதில் சிரிப்பதற்கு இடம் இருப்பதாகத் தெரிகிறதல்லவா? நானும் சிரித்தேன்.

தண்டனையாக ரங்கசாமியைக் கூட்ஸ் ஷெட்டை ஒட்டிய தெருக்களில் பீட் போட்டார்கள். பன்னிரண்டு வருஷமாக லத்தி பிடிக்காத கை. மூன்றாம் வாரம், இரும்புத் துண்டுகளைச் சாக்கில் கட்டித் தூக்கிப் போன நாலு பேரை ஒற்றை ஆளாக மறித்திருக்கிறார். எப்படி மறிப்பது, எப்போது விசில் ஊதுவது எல்லாம் மறந்து போயிருந்தது. தாடை உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். போய்ப் பார்த்தேன். வாய் சரியாகத் திறக்கவில்லை, குனிந்து கேட்டேன்.

“பன்னண்டு வருசம் எரும மேய்ச்சவன இட்டாந்து திருடன புடின்னா, திருடனுக்கும் பேஜாரு, எனக்கும் பேஜாரு சார்.”

தண்ணீரின் எல்லை

எண்ணூர் உப்பளங்களிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக உப்புப் படகுகள் பட்டணத்துக்கு வரும். கொருக்குப்பேட்டையில் கால்வாய்க் கரையில் குடியிருந்த தனபாக்கியத்தின் புருஷன் அப்படி ஒரு படகில் வேலை. ஒரு நாள் படகு வந்தது, அவன் வரவில்லை. திருவொற்றியூர் தாண்டும்போது படகு நுனியில் உட்கார்ந்திருந்தான், அப்புறம் பார்த்தால் இல்லை என்றார்கள் கூட வந்தவர்கள். முதல் நாள் கூலித் தகராறு ஒன்று நடந்ததாக அவள் சொன்னாள்.

அந்தக் காலத்தில் திருவொற்றியூரும் எண்ணூரும் பட்டணத்துப் போலீஸில் சேராது, ஜில்லாப் போலீஸ். அவள் எங்கள் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போனாள். ஆள் காணாமல் போனது ஜில்லாவில் என்றார்கள். ஜில்லாவுக்குப் போனாள், வீடும், படகு வந்து சேர்ந்த இடமும் பட்டணத்தில் என்றார்கள். அவள் மனு எங்கள் ஆபீஸுக்கு வந்தது. ‘தங்கள் எல்லைக்குட்பட்டதாகையால் தக்க நடவடிக்கைக்கு’ என்று டைப் அடித்து அனுப்பினேன். அதே வாசகத்தோடு திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினேன். மனு நாலு தடவை போய் வந்தது. அந்தப் பக்கத்துக் குமாஸ்தாவின் கையெழுத்தை எனக்குத் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். இதற்குள் மூன்று மாதம். கால்வாயில் இறங்கித் தேட ஒரு ஆள் போகவில்லை. படகில் வந்தவர்களை ஒருவரும் கேட்கவில்லை.

தனபாக்கியம் வாரா வாரம் வந்து எங்கள் ஆபீஸ் வேப்பமரத்தடியில் உட்காருவாள். எனக்கு அவளைக் கடந்து உள்ளே போவதே கஷ்டமாகிவிட்டது. கடைசியில் ஃபைலைக் கட்டிவைக்க உத்தரவாயிற்று. வெளியே போய் அவளிடம் சொன்னேன். எல்லை எங்கே முடிகிறது, எங்கே ஆரம்பிக்கிறது என்றெல்லாம் விளக்கினேன். அவள் நான் சொல்லி முடிக்கிற வரையில் கேட்டாள். பிறகு எழுந்து புடவையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டாள்.

“கால்வா ஒண்ணுதானே நைனா, தண்ணிய எந்த எடத்துல அறுத்து வெச்சிக்கிறீங்க?”

மாத ஸ்டேட்மெண்ட்

கான்ஸ்டபிள்கள்தான் மெமோ வாங்குவார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு ஸ்டேஷனும் மாதக் கடைசியில் எத்தனை திருட்டு, எத்தனை அடிதடி, எத்தனை சாராயக் கேஸ் என்று ஸ்டேட்மெண்ட் அனுப்ப வேண்டும். போன மாதத்தைவிடக் கேஸ் குறைந்திருந்தால், ‘சுறுசுறுப்பில்லாமல் இருப்பதேன்?’ என்று ஒரு மெமோ. கூடியிருந்தால், ‘குற்றங்களைத் தடுக்கத் தவறியதேன்?’ என்று இன்னொரு மெமோ. இரண்டுக்கும் அச்சடித்த படிவமே வைத்திருந்தேன். தேதியும் பெயரும் போட்டால் போதும்.

இன்ஸ்பெக்டர் நடேசன் ரிட்டையர் ஆக ஆறு மாதம் இருந்தது. ஒரே தபாலில் அவருக்கு இரண்டு மெமோவும் போய்விட்டன; திருட்டு கூடியிருந்தது, சாராயம் குறைந்திருந்தது. அவர் இரண்டையும் எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். பெரிய மீசை, கனத்த குரல். இரண்டையும் என் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“மாசத்துக்கு எத்தனை பேர் திருடணும், எத்தனை பேர் குடிக்கணும்னு சர்க்காரே சொல்லிட்டா, நான் நேர்ல போய் அவங்க கால்ல விழுந்தாவது நடத்திக் குடுத்துடுவேன்யா.”

கை பிடித்துக்கொண்டது

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

மரியதாஸ் ராயபுரத்துப் பையன். மாதா கோயில் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அண்ணன் சவரிமுத்து தண்டையார்பேட்டையில் ஒரு ஆலையில் வேலை. மரியதாஸ் போலீஸில் சேர்ந்து ஐந்து வருஷம், கல்யாணமாகி இரண்டு வருஷம், கைக்குழந்தை ஒன்று. போலீஸ் லைனில் ஒற்றை அறை வீடு. ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது அவன் பேரில்.

அந்த ஆலையில் ஸ்டிரைக் நடந்தது. ஒரு நாள் காலை கேட்டுக்கு முன்னால் கூட்டம் நெருக்க, லத்தி சார்ஜுக்கு உத்தரவாயிற்று. வரிசையில் இருபது பேர். பத்தொன்பது பேர் லத்தியை ஓங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினார்கள். மரியதாஸ் நின்ற இடத்திலேயே நின்றான். இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட் எழுதினார். ‘கோழைத்தனம்; உத்தரவுக்குக் கீழ்ப்படியாமை; ஏன் டிஸ்மிஸ் செய்யக் கூடாது?’ என்று நான் மூன்று கார்பன் வைத்து டைப் அடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே என் வீட்டுக்கு வந்தான். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. மெமோவைப் படித்துச் சொன்னேன்.

“உள்ளத எய்துங்க சார். எதுர்ல எங்கண்ணன் நின்னுகினு இருந்தான். கை எயும்பல. அவ்ளோதான்.”

“அப்படி எழுதினா வேலை போயிடும்ப்பா. நீ யூனியன் ஆளோட சேர்ந்துட்டேன்னு ஆயிடும்.”

“அப்ப இன்னாதான் எய்துவீங்க?”

“வலது கை திடீர்னு பிடிச்சுக்கிச்சு, தூக்க முடியலைன்னு எழுதறேன். யாரும் பொய்னு சொல்ல முடியாது.”

“கை புடிச்சிக்கலியே சார்.”

“காகிதத்தில பிடிச்சுக்கட்டும்” என்றேன். இப்போது நினைத்தால், அந்த வார்த்தையைச் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. காதர் மொய்தீன் காலத்து ஆள் இல்லை நான்; உண்மை எழுதி எத்தனை பேர் மாட்டிக்கொண்டார்கள் என்று பத்து வருஷமாகப் பார்த்தவன். பெண்டாட்டி, குழந்தை, லைன் வீடு என்று எடுத்துச் சொன்னேன். அவன் ‘ம. மரியதாஸ்’ என்று தமிழில் கையெழுத்துப் போட்டான். மறுநாள் அதில் ஒரு பிரதி வழக்கம்போல டெபுடி கமிஷனர் ஆபீஸுக்குப் போயிற்று.

இதற்குள் எங்களுக்குத் தமிழ்க்கார அசிஸ்டெண்ட் கமிஷனர் வந்திருந்தார். விசாரணையன்று நான் மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். அவர் சமாதானத்தைப் படித்தார். கீழே வைத்தார். இங்கிலீஷில் கேட்பார் என்று பஞ்சாபகேசன் மொழிபெயர்க்கத் தயாராக நின்றார். அவர் தமிழில் கேட்டார்.

“மரியதாஸ், அன்னைக்கு உன் கை பிடிச்சுக்கிச்சா?”

அவன் இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி விறைப்பாக நின்றான்.

“இல்லீங்கய்யா.”

“பின்னே?”

“எதுர்ல எங்கண்ணன் நின்னுகினு இருந்தான்யா. கையி நல்லாத்தான் இருந்திச்சி. அடிக்க மனசு வரல.”

அசிஸ்டெண்ட் கமிஷனர் நாற்காலியில் சாய்ந்தார். கோபமாகப் பேசவில்லை, அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. “இதையே எழுதியிருந்தா ஒரு தண்டனையோட முடிச்சிருப்பேன். எனக்கும் அண்ணன் தம்பி உண்டு. இப்போ மேலதிகாரிக்கே பொய் எழுதிக் கொடுத்ததா ஆயிடுச்சு. பிரதி மேலே போயாச்சு. நான் என்ன பண்ணமுடியும்?” பிறகு கேட்டார்: “இதை யார் உனக்கு எழுதிக் கொடுத்தது?”

என் பென்சில் நின்றுவிட்டது. பஞ்சாபகேசன் ஜன்னலைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். மரியதாஸ் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

“பஜார்ல ஒரு ஆளுங்கய்யா. பேர் தெரியாது.”

நான் எழுந்து நின்றிருக்கலாம். நாற்காலியிலிருந்து எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆகும்? எழுந்திருக்கவில்லை. ‘பஜாரில் ஓர் ஆள், பெயர் தெரியாது’ என்று இங்கிலீஷில் குறித்துக்கொண்டேன்.

டிஸ்மிஸ் உத்தரவு மூன்று வாரத்தில் வந்தது. அதன் நகலை நான்தான் டைப் அடித்தேன்; ஒரு எழுத்துப் பிழை இல்லை. உடுப்பு, பெல்ட்டு, விசில், லத்தி எல்லாவற்றையும் ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டு ரசீதில் கையெழுத்துப் போட வந்தான். லைன் வீட்டைக் காலி செய்ய ஒரு வாரம் கொடுத்திருந்தார்கள். காசிமேட்டில் மாமனார் வீட்டுக்குப் போவதாகச் சொன்னான். என் கண்ணைப் பார்த்தே பேசினான். என்னால் முடியவில்லை. வாசல் வரையில் கூடப் போய், “கையெழுத்துப் போட்டியேப்பா, அதையே சொல்லியிருக்கக் கூடாதா?” என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

“இங்கிலீசுல கீற வரிக்கும் அது பொய்யின்னே தெரில சார், அய்யா தமிய்ல கேட்டுட்டாரே.”

இரண்டு வரி

அதற்கப்புறம் வெகுநாள் நான் யாருக்கும் சமாதானம் எழுதித் தரவில்லை. மெமோவைப் படித்து அர்த்தம் சொல்வதோடு நிறுத்திக்கொண்டேன். ‘குமாஸ்தாய்யாவுக்குத் தலைக்கனம் வந்துட்டுது’ என்று ஸ்டேஷன்களில் பேசிக்கொண்டார்கள். சரி என்று இருந்துவிட்டேன்.

ஐம்பதுகளின் நடுவில், கீழ்நிலைக்காரர்கள் தமிழிலேயே சமாதானம் எழுதிக் கொடுக்கலாம் என்று எங்கள் ஆபீஸில் வாய்மொழியாகச் சொன்னார்கள். முதலில் வந்தது ஒரு ஹெட் கான்ஸ்டபிளுடையது. லாக்கப் காவலில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கியதாக மெமோ. அவர் பென்சிலால் எழுதியிருந்தார்: ‘தூங்கியது உண்மை. மூன்று நாளாக என்னை மாற்ற ஆள் வரவில்லை.’ கீழே கையெழுத்து. அவ்வளவுதான். பதின்மூன்று வருஷத்தில் இவ்வளவு சரியான ஒரு சமாதானத்தை நான் எழுதியதில்லை என்று தோன்றியது. டெபுடி கமிஷனர் ஆபீஸுக்கு இங்கிலீஷில்தான் போக வேண்டும் என்பதால், அதையும் என்னிடமே கொடுத்தார்கள். இரண்டு வரியை இரண்டு வரியாகவே மொழிபெயர்த்து பஞ்சாபகேசன் முன் வைத்தேன். அவர் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார்.

“ரெண்டு வரியிலே உண்மையைச் சொல்லி அனுப்பினா மேலே யாரும் நம்பமாட்டா ஓய், ஒரு பக்கத்துக்காவது நீட்டிக் கொண்டு வாரும்.”

அந்த ஆபீஸில் நான் இருந்த அத்தனை வருஷத்தில் என் பெயருக்கு ஒரு மெமோகூட வந்ததில்லை. இலாகாவின் நிர்வாகம் எப்படி என்று யாராவது கேட்டால், நான் அதை மட்டும்தான் சொல்லுவது.